மீனுக்கு முன்னே குடியேறுபவை

புதுத் தொட்டியில் விட்ட மீன் முதல் நாளிலேயே இறப்பது அரிது. நான்காம் நாள் வாக்கில் அது மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். அடுத்த சில நாள்களில் செவுள் சிவந்து, துடுப்புகளை ஒடுக்கிக்கொண்டு ஒரு மூலையில் நிற்கும். பத்து நாளுக்குள் பெரும்பாலும் முடிந்துவிடும். இத்தனைக்கும் அடியில் கிடக்கும் கூழாங்கல்லின் ரேகை தெரியும் அளவுக்குத் தண்ணீர் தெளிவாகவே இருக்கும். வாங்கியவர் மீனைக் குறை சொல்வார். விற்றவர் “தண்ணி இன்னும் செட் ஆகல சார்” என்பார். விற்றவர் சொல்வதில் பாதி உண்மை உண்டு. மீதிப் பாதி, தொட்டியில் இன்னும் குடியேறாத ஒரு நுண்ணுயிர்க் கூட்டத்தைப் பற்றியது. அக்கூட்டம் எதற்கு, அது எங்கே தங்கும், ஏன் வாரக்கணக்கில் காக்க வைக்கிறது, தென்சென்னையின் நீர் அதற்கு எங்கே துணை நிற்கிறது, எங்கே குறுக்கே நிற்கிறது என்பவற்றை வரிசையாகக் காண்போம்.

முதலில் நஞ்சு பிறக்கும் இடம். மீன் உண்ட புரதத்திலுள்ள நைட்ரஜனில் பெரும்பகுதி அமோனியாவாக மாறி, மூச்சுவிடும் செவுளின் வழியாகவே நீரில் கரைந்து வெளியேறுகிறது. நம் உடல் இதே அமோனியாவை யூரியாவாக மாற்றி அடக்கிவைக்க ஆற்றலைச் செலவிடுகிறது. சுற்றிலும் நீர் சூழ்ந்த உயிருக்கு அந்தச் செலவு வேண்டியதில்லை. நீர் நிறைய உள்ளவரை இந்தச் சிக்கனம் செல்லுபடியாகும். மயிலைக் கபாலீசுவரர் கோயில் தெப்பக்குளத்தில் வருவோர் போவோர் எல்லாம் பொரி இறைக்கிறார்கள். அவ்வளவு பெரிய நீர்ப்பரப்பும், அடிச்சேறும், பாசியும் சேர்ந்து அதை ஒருவாறு தாங்கிக்கொள்கின்றன. தி. நகர் அடுக்ககத்தின் கூடத்தில் வைக்கும் இரண்டடித் தொட்டியின் நிலை வேறு. 24 அங்குல நீளம், 12 அகலம், 12 உயரம் என்றால் கொள்ளளவு 56 லிட்டர் சொச்சம். அடியிலிடும் கல்லும் மேலே விடும் இடைவெளியும் போனால் 50 லிட்டர் தேறும். நான்கு தங்கமீன்களின் மூச்சுக்கழிவும், தின்னாமல் விட்டு அழுகும் தீனியும் அந்த 50 லிட்டரிலேயே தங்க வேண்டும்.

அமோனியா நீரில் இரண்டு வடிவங்களில் இருக்கும். மின்னேற்றம் கொண்ட அமோனியம் ஒன்று. மின்னேற்றமில்லாத அமோனியா மற்றொன்று. முன்னது செவுள் சவ்வை எளிதில் கடக்காது, ஆகவே தீங்கு குறைவு. பின்னது தடையின்றி இரத்தத்துக்குள் புகும். எவ்வடிவம் எவ்வளவு என்பதை நீரின் காரத்தன்மையும் வெப்பமும் முடிவு செய்கின்றன. பி.எச். 7 ஆகவும் வெப்பம் 25 பாகையாகவும் இருந்தால், கரைந்துள்ள மொத்த அமோனியாவில் நஞ்சு வடிவம் அரை விழுக்காட்டைச் சற்றே தாண்டும். பி.எச். 8.2, வெப்பம் 30 பாகை என்றால் அது 11 விழுக்காட்டைத் தொடுகிறது; அதாவது ஏறத்தாழ இருபது மடங்கு. இரண்டாவது கணக்கு எந்த ஊருடையது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கடினமான ஆழ்துளைக் கிணற்று நீரும் சித்திரை வெயிலும் சேர்ந்தால் சென்னை வீடுகளில் தொட்டி நீர் இந்த நிலையைச் சுலபமாக எட்டும். குளிர்நாட்டுக் கையேடு ‘கவலைக்குரியதன்று’ என்று கடந்துபோகும் அளவு, இங்கே மீனைக் கொல்லப் போதும்.

இனி இந்த நஞ்சை அகற்றுபவை. 1877இல் ஷ்லோசிங், முண்ட்ஸ் என்ற இரு பிரெஞ்சு அறிஞர்கள் ஒரு நீண்ட கண்ணாடிக் குழாயில் மணலையும் சுண்ணாம்புக் கல்லையும் நிரப்பி, அதன் வழியாகச் சாக்கடை நீரை மெல்லக் கசிய விட்டார்கள். இருபது நாள் வரை உள்ளே போன அமோனியா அப்படியே வெளியே வந்தது. பிறகு அமோனியா குறையத் தொடங்கி, அதன் இடத்தில் நைட்ரேட் வந்தது. வெறும் வேதிவினை என்றால் இருபது நாள் தாமதம் எதற்கு? குழாய்க்குள் குளோரோபாம் ஆவியைச் செலுத்தியதும் மாற்றம் நின்றது. ஆவியை அகற்றித் தோட்டமண் கழுவிய நீரை ஊற்றியதும் சில நாள்களில் மீண்டும் தொடங்கியது. உயிருள்ள ஏதோ ஒன்றே இவ்வேலையைச் செய்கிறது என்பது உறுதிப்பட்டது. மீன் வளர்ப்பைப் பற்றி அவ்விருவரும் நினைத்திருக்க மாட்டார்கள். ஆயினும், மீன் விடுமுன் தொட்டியைப் பக்குவப்படுத்தும் முறை முழுவதும் அந்தக் குழாயில் அடங்கியிருக்கிறது: மணற்பரப்பு, ஓடும் நீர், அமோனியா, மூன்று வாரப் பொறுமை, வித்திடும் மண்.

1890 வாக்கில் வினோகிராட்ஸ்கி என்ற ருஷ்ய அறிஞர் இந்த நுண்ணுயிர்களைப் பிரித்தெடுத்தார். இது ஒரே உயிரின் வேலையன்று, இரு கூட்டங்களின் தொடர்வேலை என்பது தெளிவாயிற்று. முதற்கூட்டம் அமோனியாவை நைட்ரைட்டாக்கும். இரண்டாம் கூட்டம் அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும். முதலதற்கு நைட்ரோசோமோனாஸ், அடுத்ததற்கு நைட்ரோபாக்டர் என்று பாடநூல்கள் நூறாண்டு எழுதி வந்தன. 1998இல் ஹோவனெக் என்பவரின் குழு நன்னீர்த் தொட்டிகளை ஆராய்ந்தபோது, இரண்டாம் வேலையைச் செய்வது நைட்ரோஸ்பைரா என்று கண்டது. 2005இல் சியாட்டில் நகரின் மீன் காட்சியகத் தொட்டி ஒன்றிலிருந்து, அமோனியாவை உண்ணும் ஆர்க்கியா என்ற வேறோர் உயிர்வகை பிரித்தெடுக்கப்பட்டது. இரு படிகளையும் ஒரே உயிர் தனியாகவே முடிக்கும் நைட்ரோஸ்பைரா இனங்களும் உண்டென்று 2015இல் தெரிந்தது. பெயர்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன. தொட்டி வைப்பவருக்கு இவை அனைத்தும் மனப்பாடமாக வேண்டியதில்லை. ‘நைட்ரோபாக்டர் அடங்கியது’ என்று லேபிளில் அச்சிட்டு விற்கும் குப்பியைச் சற்றுத் தயங்கி வாங்குவதற்கு இவ்வறிவு உதவும்.

இவை ஏன் இவ்வளவு மெதுவாகப் பெருகுகின்றன? அழுகலை உண்டு வளரும் சாதாரண பாக்டீரியாவுக்கு உணவும் ஆற்றலும் ஒரே கவளத்தில் கிடைக்கின்றன. ஈ.கோலை நல்ல சூழலில் இருபது நிமிடத்தில் இரட்டிப்பாகும். நம் கூட்டமோ அமோனியாவை ஆக்சிஜனோடு சேர்ப்பதில் கிட்டும் அற்ப ஆற்றலைக் கொண்டு, நீரில் கரைந்த கரியமில வாயுவிலிருந்து தன் உடலைத் தானே கட்டிக்கொள்ள வேண்டும். ஆகவே ஒருமுறை இரட்டிப்பாக அரைநாள் முதல் ஒரு நாளுக்கு மேலும் பிடிக்கும். சென்னையின் வெப்பம் இங்கே நமக்குத் துணை: 25 முதல் 30 பாகை வரை இவற்றுக்கு உகந்த வெப்பம் என்பதால், குளிர்நாட்டார்போல் ஹீட்டர் வாங்க வேண்டியதில்லை. மீனுக்கு நஞ்சைக் கூட்டும் அதே வெம்மை, அந்நஞ்சை உண்பவற்றையும் விரைவாக வளர்க்கிறது.

இவை நீரில் மிதந்து திரிபவை அல்ல. கல்லின் மேலும், ஃபில்டரின் ஸ்பாஞ்சிலும், கண்ணாடியிலும் வழுவழுப்பான மென்படலமாக ஒட்டி வாழ்பவை. இந்த ஒரு செய்தியிலிருந்து பல நடைமுறைகள் பிறக்கின்றன. பாதித் தண்ணீரை மாற்றினாலும் கூட்டம் குறையாது. பழைய தொட்டித் தண்ணீரை ஒரு வாளி கொண்டுவந்து ஊற்றுவதால் பெரிய பயன் இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை சுத்தம் செய்கிறேன் என்று ஸ்பாஞ்சைக் குழாயடியில் பிழிந்தால், ஒரு மாத உழைப்பு அந்தக் குளோரின் நீரோடு போய்விடும். முதல் வாரத்தில் புதுத் தொட்டி பால்கலந்ததுபோல் வெளிறுவது உண்டே, அது இக்கூட்டம் அன்று. அழுகலை உண்ணும் வேறு பாக்டீரியா திடீரெனப் பெருகிய மங்கல் அது. விட்டுவிட்டால் தானே தெளியும்.

அமோனியா குறையத் தொடங்கியதும் ஆபத்து நீங்கியது என்று எண்ணுவோர் பலர். அப்போதுதான் நைட்ரைட் ஏறுகிறது, ஏனெனில் இரண்டாம் கூட்டத்தின் உணவை முதற்கூட்டமே சமைத்துத் தர வேண்டியிருப்பதால், அதன் வளர்ச்சி எப்போதும் பிந்தியே தொடங்கும். நைட்ரைட் மீனின் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினை ஆக்சிஜன் சுமக்க முடியாத பழுப்பு வடிவமாக மாற்றுகிறது. நீரில் ஆக்சிஜன் போதுமான அளவு இருந்தும் மீன் மூச்சுத்திணறும். நைட்ரைட் உடலுக்குள் நுழைவது குளோரைடு நுழையும் வாசல் வழியாகவே; எனவே நீரில் குளோரைடு மிகுந்திருந்தால் நைட்ரைட்டுக்கு வழி அடைபடும். அடையாறு, பெசன்ட் நகர்ப் பகுதியில் கடலோரக் கிணற்று நீர் சற்றுக் கரிப்பாக இருக்கும் வீடுகளில், அந்தக் கரிப்பே மீனுக்கு ஓரளவு காவல். அவசரப்பட்டு மீனை விட்டுவிட்டவர்கள் லிட்டருக்குக் கால் கிராம் உப்பு சேர்ப்பது இதே காரணத்தால்தான். மீன் இல்லாமலே தொட்டியைப் பக்குவப்படுத்துவோருக்கு இந்தக் கவலை எழுவதில்லை.

மீன் இல்லாமல் அமோனியாவுக்கு எங்கே போவது? மேல்நாட்டார் ஒரு இறாலைத் துணியில் முடிந்து தொட்டியில் அழுக விடுவார்கள். மாட வீதி வீடுகள் பலவற்றில் அந்த யோசனையைச் சொல்லவே நா எழாது. இறால் சமைக்கும் வீட்டிலும் கூடத்தில் அழுகல் வாடை யாருக்கு வேண்டும்? ஒரு சிட்டிகை மீன்தீனியை நாள்தோறும் போட்டு அழுக விடலாம். நடக்கும், ஆனால் எவ்வளவு அமோனியா உண்டாயிற்று என்ற கணக்கு கைக்கு வராது. இதைவிட நேர்த்தியான வழி நம் பழைய வீடுகள் அறிந்த ஒரு பொருளில் இருக்கிறது. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுபவர் சூடேறிய பாத்திரத்தில் தூவித் துடைக்கும் வெள்ளைப்பொடி நினைவிருக்கும்: நவச்சாரம். அது அமோனியம் குளோரைடு. அதை உணவாக இட்டால் இறுதியில் கிடைப்பது நைட்ரேட், அதாவது வெடியுப்பில் உள்ள அதே பொருள். நாட்டு மருந்துக் கடைகளிலும் நவச்சாரம் கிடைக்கும். ஆயினும் அதன் தூய்மைக்கு உத்தரவாதமில்லை. பாரிமுனை வேதிப்பொருள் கடைகளில் ஆய்வகத் தரத்தில் வாங்குவதே முறை.

அளவைப் பார்ப்போம். ஒரு லிட்டர் நீரில் 6.3 கிராம் அமோனியம் குளோரைடைக் கரைத்து வைத்துக்கொண்டால், தொட்டியின் ஒவ்வொரு லிட்டருக்கும் அக்கரைசலில் ஒரு மில்லிலிட்டர் என்ற கணக்கில் ஊற்ற, அமோனியா லிட்டருக்கு 2 மில்லிகிராம் ஆகும். நம் இரண்டடித் தொட்டிக்கு 50 மில்லிலிட்டர். பிறகு நாள்தோறும் சோதனைக் குப்பியில் அளந்து, அமோனியா தீர்ந்ததும் மறுபடி அதே அளவு. கூடுதலாக ஊற்றினால் விரைவில் முடியும் என்று தோன்றும், நேர்மாறாகவே நடக்கும். மின்னேற்றமில்லாத அமோனியா மிகுந்தால் இரண்டாம் கூட்டம் தளர்ந்து, நைட்ரைட் இறங்காமல் நிற்கும். காரமான கிணற்று நீராயின் 1 மில்லிகிராமோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

இந்த 2 மில்லிகிராம் அமோனியாவை முழுதும் நைட்ரேட்டாக்க லிட்டருக்கு ஏறத்தாழ 7.5 மில்லிகிராம் ஆக்சிஜன் செலவாகிறது. 30 பாகையில் நீர் தாங்கக்கூடிய ஆக்சிஜனே 7.6 மில்லிகிராம்தான்! ஒரு வேளை உணவுக்கு ஒரு தொட்டி ஆக்சிஜன் முழுவதும். ஆகவே காற்றுப்பம்ப் இரவும் பகலும் ஓட வேண்டும். மீனே இல்லையே என்று அணைத்துவைப்பது, குடியேற வருவோரை வாசலில் திணறவிடுவதாகும். பராமரிப்புக்காக மின்வாரியம் காலை ஒன்பது முதல் பிற்பகல் இரண்டு வரை மின்சாரத்தை நிறுத்தும் நாள்களும் நம் ஊரில் உண்டு. மூடிய குடுவை வடிவ ஃபில்டருக்குள் நீர் தேங்கினால் ஆக்சிஜன் விரைவில் தீரும். அன்று ஸ்பாஞ்சை எடுத்துத் தொட்டியிலேயே போட்டுவைக்கலாம், அல்லது பேட்டரியில் ஓடும் சிறு பம்ப்பை மாட்டலாம்.

ஆக்சிஜனோடு மற்றொரு செலவும் உண்டு. அமோனியா நைட்ரேட்டாகும்போது அமிலம் பிறக்கிறது. அதைத் தணிப்பது நீரிலுள்ள பைகார்பனேட். மேற்சொன்ன ஒரு வேளைக்கு, கால்சியம் கார்பனேட் கணக்கில், லிட்டருக்குச் சுமார் 12 மில்லிகிராம் கரைந்துபோகும். இருநூறு, முந்நூறு என்று கையிருப்பு உள்ள கிணற்று நீர் பல வாரம் தாங்கும். ‘நல்ல தண்ணீராகப் போடுவோம்’ என்று சமையலறை ஆர்.ஓ. குழாயிலிருந்து பிடித்து நிரப்பும் வீடுகளில், இரண்டாம் வேளையிலேயே கையிருப்பு தீர்ந்து பி.எச். 6க்குக் கீழே சரிந்து, வேலை நின்றுபோகும். மீனைக் கொல்லும் அதே கடினநீர் இக்கூட்டத்தைக் காப்பதும், அக்கறையோடு நாம் தேர்ந்த ஆர்.ஓ. நீர் அதைப் பட்டினி போடுவதும் இவ்விஷயத்தின் வேடிக்கை. பாதிக்குப் பாதி கலப்பது பல வீடுகளுக்குப் பொருந்தும்.

எந்த நீர் என்று சொல்வதே இங்கே சிக்கல். மெட்ரோ வாட்டர் என்று நாம் ஒரே பெயரால் அழைப்பது புழல், செம்பரம்பாக்கம் ஏரிகளின் நீராகவும், 1996 முதல் கிருஷ்ணா நீராகவும், 2004 முதல் வீராணம் நீராகவும், தென்சென்னைக்கு 2013 முதல் நெம்மேலியில் உப்பகற்றிய கடல்நீராகவும் இருக்கலாம். 2019 கோடையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் நீர் வந்ததையும் கண்டவர்கள் நாம். அடுக்ககங்களில் இது போதாமல் லாரி நீரும் கிணற்று நீரும் ஒரே சம்ப்பில் கலக்கும். பக்கத்து வீட்டார் சொன்ன கணக்கு நம் வீட்டுக்கும், நம் ஜனவரிக் கணக்கு நம் மே மாதத்துக்கும் பொருந்தாமல் போவது இதனால்தான். தொட்டியை நிரப்புமுன் அன்றைய நீரின் பி.எச்., காரக் கையிருப்பு, நைட்ரேட் மூன்றையும் அளந்து எழுதிவைக்க வேண்டும். நகர்க் கிணறுகள் சிலவற்றில் சாக்கடைக் கசிவால் நைட்ரேட் முன்கூட்டியே இருக்கும். அதை அளக்காதவர், முதல் வாரத்தில் நைட்ரேட் தெரிந்ததும் தொட்டி தயார் என்று ஏமாறுவார். குழாய் நீரில் விதிப்படி லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் எஞ்சியிருக்க வேண்டும். குடிப்பவருக்கு அது காவல், நம் கூட்டத்துக்கு எமன். வாளியில் பிடித்து ஒரு நாள் காற்றோட விடுவதோ, கடையில் விற்கும் ஹைப்போ கரைசலை இடுவதோ போதும்.

காத்திருப்பைச் சுருக்க ஒரு நேர்மையான வழி உண்டு: நன்கு ஓடும் பழைய தொட்டியின் ஸ்பாஞ்சில் ஒரு துண்டு. பாலுக்கு உறை ஊற்றுவதுபோல்தான். ஆனால் தயிர் விடிவதற்குள் தோய்ந்துவிடும், இது ஒன்றிரண்டு வாரமாவது எடுக்கும். கொளத்தூரில் மீன் வளர்ப்போரிடமோ, பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழகிய கடைக்காரரிடமோ கேட்டால் தரக்கூடும். ஈரம் காயாமல், தொட்டித் தண்ணீரிலேயே மூழ்க வைத்துக் கொண்டுவர வேண்டும். அந்தத் தொட்டியில் அண்மையில் நோய் கண்டதா என்று கேட்காமல் வாங்கக் கூடாது. குப்பியில் விற்கும் பாக்டீரியா சிலது வேலை செய்யும். ஆனால் இவ்வகை நுண்ணுயிர்கள் வித்தாக உறைந்து உறங்குபவை அல்ல என்பதால், ஏ.சி. இல்லாத கடையின் வெயில்படும் அலமாரியில் பல மாதம் நின்ற குப்பியில் உயிர் மிச்சமிருக்குமா என்பது ஐயமே.

மீனில்லாத நீரை மூன்று நான்கு வாரம் சென்னையில் வைப்பதில் குளிர்நாட்டார் நினைத்தே பாராத ஓர் இடர் உண்டு. கொசு. டெங்கு பரப்பும் ஏடிஸ் தேங்கிய நன்னீரைத்தான் தேடும். வீடு வீடாக வரும் மாநகராட்சிப் பணியாளர் கண்ணில் புழு நெளியும் தொட்டி பட்டால் அவர் கடிந்துகொள்வதில் தவறில்லை. காற்றுப்பம்ப்பால் மேற்பரப்பு இடைவிடாமல் அசைந்தால் கொசு முட்டையிடத் தயங்கும். மேலே மெல்லிய வலையைக் கட்டிவிட்டால் ஐயமே இல்லை. விளக்கையும் எரிய விட வேண்டாம். ஒளி பாசியைத்தான் வளர்க்கும், நம் கூட்டம் இருளையே விரும்பும்.

தொட்டி பக்குவமாயிற்று என்பதற்குச் சான்று நாள்காட்டியில் கிடைக்காது. 2 மில்லிகிராம் அமோனியாவை இட்டு, இருபத்துநான்கு மணி நேரத்தில் அமோனியா, நைட்ரைட் இரண்டும் சுழியம் என்று காட்ட வேண்டும்; மறுநாளும் அதேபோல் காட்ட வேண்டும். உறை இடாத தொட்டிக்கு இந்த வெப்பத்தில் பொதுவாக மூன்று முதல் ஐந்து வாரம் ஆகும். அதற்குள் நைட்ரேட் எக்கச்சக்கமாகச் சேர்ந்திருக்கும். முக்கால் பங்கு நீரை, குளோரின் போக்கிய புதுநீரால் மாற்றி, லிட்டருக்கு 40 மில்லிகிராமுக்குக் கீழே கொண்டுவர வேண்டும். ஹைட்ரில்லா போன்ற நீர்ச்செடிகளும், வேரை மட்டும் நீரில் தொங்கவிட்ட மணி பிளான்ட்டும் பிற்பாடு சேரும் நைட்ரேட்டை உறிஞ்சும். மீன் வாங்கப் போவது தள்ளிப்போனால் அமோனியா ஊட்டுவதை நிறுத்தக் கூடாது. வளர்ந்த கூட்டம் உணவின்றி மெல்லச் சுருங்கும்.

மீன் வரும் நாளிலும் கவனிக்க ஒன்று உண்டு. கொளத்தூரிலிருந்து மயிலாப்பூர் வரும்வரை கட்டிய பிளாஸ்டிக் பையில் மீன் விட்ட மூச்சால் கரியமில வாயு சேர்ந்து பி.எச். இறங்கியிருக்கும்; பயணத்தில் சேர்ந்த அமோனியா பெரும்பாலும் தீங்கற்ற அமோனியமாக இருக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறி பி.எச். ஏற, அதே அமோனியா நஞ்சு வடிவுக்கு மாறத் தொடங்கும். ஆகவே கட்டவிழ்க்காத பையைத் தொட்டியில் கால்மணி நேரம் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமப்படுத்தி, திறந்தபின் தாமதிக்காமல், மீனை மட்டும் வலையால் எடுத்து விட்டு, பைநீரைச் செடிக்கு ஊற்றிவிட வேண்டும். முதல் நாள் தீனி வேண்டாம்.